ஒன்பது முதல் நாட்கள்

நடந்தது இதே வரிசையில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கதை பெலிக்ஸிடமிருந்து வந்தது. அவனுக்கே பல இடங்களில் தடுமாற்றம் உண்டு. உமையாள் தன் அப்பாவைப் பற்றி முதலில் சொன்னது மூன்றாம் முறையா ஐந்தாம் முறையா, ஜன்னலில் குரங்கு வந்து உட்கார்ந்த அன்று அவள் பயந்தாளா சிரித்தாளா, அல்லது அவை வெவ்வேறு முறை வந்த வெவ்வேறு குரங்குகளா என்பதெல்லாம் அவனுக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சரிபார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியிடம் அந்த நாட்கள் இல்லை.

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கற்றல் தொழில்நுட்பத் துறை அது. அங்கே பெலிக்ஸின் பதவிப் பெயர் பேச்சுத்துணை. பிறவியிலேயே காது கேளாத ஒருவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது எந்தக் குமாஸ்தா என்று தெரியவில்லை. பெலிக்ஸுக்கு அது பிடித்திருந்தது. எதிரில் இருப்பவர் பேசுவது அவன் மூக்குக்கண்ணாடியில் எழுத்தாக ஓடும். அவன் செல்பேசியில் தட்டினால் அது குரலாகச் சொல்லும். ஆனால் அவன் மொழி அவன் கைகளில் இருந்தது.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று துறைத் தலைவர் மரகதவல்லி விஷயத்தை விளக்கினார்.

"பாடம் எழுதறவங்களுக்கு ஒரு நோய் உண்டு, பெலிக்ஸ். தனக்குத் தெரிஞ்சது அடுத்தவங்களுக்கு எந்த இடத்துல புரியாதுன்னு அவங்களால யோசிக்கவே முடியாது. அதுக்குத்தான் தெரியாதவங்க ஒருத்தர் வேணும். படிச்சுப் பாத்து, இங்க தடுக்குது, இங்க தடுக்குதுன்னு சொல்லணும். ஆனா ஒரு தடவை படிச்சிட்டா அவங்களும் தெரிஞ்சவங்க ஆயிடறாங்க. அப்புறம் திருத்தின பாடத்தை யார்கிட்டக் கொடுத்துப் பாக்கறது?"

பெலிக்ஸ் தட்டினான். செல்பேசி சொன்னது: "வேற ஆளை வச்சு."

"வேற ஆளுன்னா வேற மூளை. பாடம் நல்லா வந்திருக்கா, இல்ல ஆள் கெட்டிக்காரங்களான்னு எப்படிப் பிரிக்கறது? அதே ஆள்தான் வேணும். ஆனா படிக்காத ஆளா."

அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். முதல் மாணவர் என்று ஒருவரை அமர்த்துவார்கள். பாடம் நடக்கும் நாட்களில் காலையில் அவர் ஒரு மருந்து குடிப்பார். அன்று புதிதாகக் கற்பதையெல்லாம் அந்த மருந்து மூளைக்குள் அடையாளம் போட்டு வைக்கும். பாடம் முடிந்ததும் இன்னொரு மருந்து, இரண்டு நாள் தூக்கம். அடையாளம் போட்டது மட்டும் அழிந்துபோகும். துறையில் இதைத் துடைப்பு என்பார்கள். பாடம் பிழையில்லை என்று முடிவாகி வெளியிடும்போது துடைக்க மாட்டார்கள். நிலைப்படுத்தும் ஊசி போடுவார்கள். அந்தக் கடைசிப் படிப்பு மாணவருக்கே சொந்தம்.

சைகை மொழிப் பாடத்துக்கு முதல் மாணவி உமையாள். தேவகோட்டைக்காரி. முப்பத்து நான்கு வயது. அதற்கு முன் ஒன்பது வருடம் கணக்கு டீச்சர்.

மொழி துடைக்கப்படும்போது அந்த மொழியில் பேசியதும் சேர்ந்து போய்விடும் என்பதை முதல் துடைப்புக்குப் பிறகுதான் எல்லோரும் அறிந்தார்கள். உமையாளுக்கு அறை நினைவிருந்தது, தேநீர் நினைவிருந்தது, எதிரே பெலிக்ஸ் என்று ஒருவர் உட்கார்ந்திருந்ததும் நினைவிருந்தது. தினமும் பார்க்கும் பேருந்து நடத்துநரை நினைவு வைத்திருப்பதுபோல. அவனிடம் கைகளால் சொன்ன ஒன்றுகூட அவளிடம் இல்லை. முன்பு என்ன பேசினோம் என்று அவளிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் அளவு கெட்டுவிடும்.

அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: மாறாதவை. அறை, நாற்காலிகள், விளக்கு, தேநீர் நேரம், பேச்சுத்துணை பெலிக்ஸ். பாடம் ஒன்றைத் தவிர வேறெதையும் மாற்றக் கூடாது. மாறினால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

இப்படி நான்கு வருடங்களில் ஒன்பது பதிப்புகள். ஒன்பது முறை உமையாள் அந்தக் கதவைத் திறந்து வந்து, "வணக்கம் சார்" என்று உதட்டால் சொல்லி, எதிரே உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில் அவள் செய்வது ஒன்று உண்டு. சைகை மொழியில் எதிரே இருப்பவரைக் குறிக்க விரலை நீட்டிச் சுட்ட வேண்டும். மரியாதை தெரிந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது வராது. உள்ளங்கையை விரித்து, இலையில் சாதம் வைப்பதுபோல் அவன் பக்கம் நீட்டுவாள். பாடம் அதைத் தவறு என்று குறிக்கும். அவள் திரும்பத் திரும்ப உள்ளங்கையையே நீட்டுவாள். பிறகு ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு கேலிக்கு நடுவில், அவளையறியாமல் ஒற்றை விரல் அவனை நோக்கி வரும். 'நீங்க' போய் 'நீ' வரும் நாள் அது. முதல் முறை அது அறுபதாம் நாள் வந்தது. ஒன்பதாம் முறை பதினேழாம் நாளே வந்துவிட்டது. அந்தந்த நாளில் பெலிக்ஸ் மதியம் சாப்பிடாமல் மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருவான்.

"பத்து வருஷம் டீச்சரா இருந்தும் பிள்ளைங்களுக்கு ஏன் புரியலைன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல" என்று ஒவ்வொரு முறையும் அவள் கைகளால் சொல்வாள். "புரியாம இருக்கறதுதான் இங்க வேலைன்னாங்க. அதான் ஓடி வந்துட்டேன்."

"ஒன்பது வருஷம்" என்று அவன் திருத்துவான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

விதியை மீறாமல் அவன் தோளைக் குலுக்குவான்.

அவளுக்குப் பசியும் வயிற்றுவலியும் எப்போதும் குழம்பும். இரண்டு சைகைகளும் வயிற்றருகே. முதல் மூன்று பதிப்புகளில் அது சரியாவதற்கு ஒன்றரை வாரம் ஆனது. நான்காவதில் பெலிக்ஸ் ஒன்று செய்தான். காற்றில் தோசை தோசையாகப் பிய்த்துத் தின்று, பதினோராவது தோசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் சரிந்தான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதன் பிறகு குழம்பவில்லை. ஐந்தாவதிலும் சரிந்தான், ஆறாவதிலும் சரிந்தான்.

ஐந்தாவது வாரத்தில் அவளுக்கு ஒரு சோர்வு வரும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஆரம்பத்தில் அவன் தூண்டிப் பார்த்தான், அடுத்த பயிற்சிக்கு இழுத்தான். பல நாட்கள் வீணாயின. பிறகு கற்றுக்கொண்டான். ஒன்றும் செய்யாமல் அவனும் ஜன்னலைப் பார்த்தான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சில சமயம் அரை மணி நேரம். அவள் திரும்பும்போது கைகள் தெளிந்திருக்கும். அந்த நேரங்களை இயந்திரம் 'செயலின்மை' என்று எழுதிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் அதைவிட நிறைந்த நேரம் வேறு இருந்ததில்லை. இயந்திரம் எண்களை மட்டுமே சேர்க்கும், படங்களை வைத்துக்கொள்ளாது. ஆகவே அந்த ஜன்னல் பொழுதுகள் எங்கும் பதிவாகவில்லை.

உமையாள் தேறுவதற்கு முதல் பதிப்பில் எண்பத்து நான்கு நாட்கள் பிடித்தன. ஒன்பதாவதில் நாற்பத்தொன்று. இறங்கிவரும் அந்தக் கணக்கை ஒரு கோடாக வரைந்து, பெரிதாக அச்சிட்டுத் துறையின் வராந்தாவில் மாட்டியிருந்தார்கள். அதை வைத்து எழுதிய கட்டுரையால்தான் கற்றல் தொழில்நுட்பத்தை ஒரு தனித் துறையாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. முதுகலைப் பட்டம் வந்தது, ஆய்வு மாணவர்கள் வந்தார்கள். அடுத்த வாரம் பாடம் வெளியாகும். காது கேளாத குழந்தை பிறந்த நான்காயிரம் வீடுகள் காத்திருந்தன. உமையாளுக்கு ஊசி. இந்த முறை அவளுக்கு எல்லாம் மிஞ்சும்.

வெளியீட்டுக்கு ஆறு நாள் முன்பு, மதியச் சாப்பாட்டின்போது, புள்ளிவிவரம் பார்க்கும் காஜா முகைதீன் டிபன் கேரியரோடு வந்து பெலிக்ஸின் எதிரே உட்கார்ந்தான்.

"மாப்ள, ஒரு கூத்து கேளு. வெளியீட்டுக்கு முன்னாடி சம்பிரதாயத்துக்கு ஒரு சோதனை வைக்கணும்ல? புதுக்கோட்டையில பன்னெண்டு தாய் தகப்பனுக்கு ஒன்பதாம் பதிப்ப, உமையாள் மேடத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டோம். அங்கேயும் பேச்சுத்துணை போட்டோம், புதுசா ஆள் எடுத்து. எத்தனை நாள் ஆச்சுங்கற?"

"நாப்பத்தஞ்சு?"

"எண்பத்திரண்டு. கோழிக்கறி எடுத்துக்க. எண்பத்திரண்டு மாப்ள. கிட்டத்தட்ட உமையாள் மேடம் முதல் பதிப்புல வாங்கின மார்க்கு. அப்ப நாலு வருஷமா நம்ம திருத்தினது என்ன?"

"மேடம் என்ன சொன்னாங்க?"

"சின்ன சோதனை, பன்னெண்டே பேரு, அதுல நாலு பேரு பாதி நாள் வரலை, ஒதுக்கி வையின்னாங்க. ஒதுக்கிட்டேன். எனக்குத்தான் மனசு கேக்கல. பாடம் நல்லா ஆகலைன்னா இந்தம்மா எப்படி வேகமானாங்க? துடைச்சது துடைச்சதுதான், அதை நூறு தடவை பாத்துட்டோம். ரூம்பு அதேதான், நாற்காலி அதேதான். எதுதான் மாறுச்சு?"

பெலிக்ஸின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தோசையைப் பிய்த்தது, ஜன்னலைப் பார்த்தது, முகமும் பேச வேண்டிய அந்த மொழிக்காக மரகதவல்லியின் கோபமுகத்தை நடித்துக் காட்டி அவள் புருவத்தை அசைய வைத்தது எல்லாம் கண்முன் வந்தன. அவள் எங்கே தடுக்குவாள் என்று அவனுக்குத் தெரியும். தடுக்கும் முன்பே கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைத்தான் துடைத்தார்கள். அவனை யாரும் துடைக்கவில்லை. நான்கு வருடங்களில் கற்றுத் தேர்ந்தது அவன்தான்.

"என்ன, காரமா?" என்றான் காஜா.

பெலிக்ஸ் தலையசைத்தான்.

அவன் வாயைத் திறக்காவிட்டால், அதாவது கையைத் திறக்காவிட்டால், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு நாளில் ஊசி. பிறகு அவளிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அடுத்து வருவது பத்தாவது முதல் நாளாக இருக்காது, இரண்டாம் நாளாக இருக்கும். மூன்று நாட்கள் அவன் அப்படியே இருந்தான். ஆனால் அவன் அம்மாவின் கைகள் நினைவில் வந்துகொண்டேயிருந்தன. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவள். அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருந்த சைகைகள் நான்கு. வா. சாப்பிடு. தூங்கு. வேண்டாம். அவள் இறந்த வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவனிடம் நெடுநேரம் எதையோ சொல்ல முயன்றாள். நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை. அது என்னவென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நான்காம் நாள் காலைப் பாடத்தில் அவன் உமையாளிடம் சொன்னான். விதியை முதல்முறையாக மீறி, ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோசைக்கு நான் ஒவ்வொரு தடவையும் சிரிச்சேனா?"

"ஆமா."

"நான் சிரிப்பேன்னு தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"ஆமா."

"எங்கப்பா பத்திச் சொன்னப்போ உன் கண்ணு கலங்குச்சே. அது எத்தனாவது தடவை கலங்கினது?"

"எத்தனாவதுன்னு எனக்கே தெரியல. ஒவ்வொரு தடவையும் கலங்குச்சு."

அவள் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகைக் காட்டி நிற்பவளிடம் சைகையில் பேச முடியாது. அவன் காத்திருந்தான். திரும்பியபோது அவள் கைகள் வேகமாக வெட்டின.

"எனக்கு நீ நாப்பது நாள் பழக்கம். உனக்கு நான் நாலு வருஷப் பழக்கம். நீ மனப்பாடம் பண்ணின பாட்டுக்கு நான் ஆடியிருக்கேன். இப்ப கோவப்படறேனே, இதுவும் நடந்திருக்கா?"

"இல்ல" என்றான். "இது புதுசு. நீ இப்படிக் கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல."

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் போய் மேடம்கிட்டச் சொல்லிடறேன்" என்றான்.

"நீ சொன்னா, விதியை மீறினவன்னு உன்னை அனுப்பிட்டு விஷயத்தை மூடிடுவாங்க. முதல் மாணவி எழுதற அறிக்கையை மூட முடியாது. அது நேரா நெறிமுறைக் குழுவுக்குப் போகும். நானே எழுதறேன்."

அவள் எழுதியது இரண்டு வரி. 'தடுக்கிய இடங்கள்: எதுவுமில்லை. காரணம்: பெலிக்ஸ்.' கீழே விளக்கம் ஒன்றரைப் பக்கம்.

மறுநாள் முற்பகல் மரகதவல்லியின் அறையில் நால்வரும் இருந்தார்கள். அறிக்கையை அவர் இரண்டு முறை படித்தார். பெலிக்ஸின் கண்ணாடியில் எழுத்து எதுவும் ஓடவில்லை. யாராவது பேசத் தொடங்கிவிட மாட்டார்களா என்று அவன் காலியான கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்க வேலைக்குச் சேந்தப்போ இந்தத் துறை இல்ல" என்று கடைசியில் எழுத்து வந்தது. "என் வேலை, மத்தத் துறைக்காரங்க கூப்பிட்டா ஓடிப்போய் ப்ரொஜெக்டர் மாட்டிக் கொடுக்கறது. ஒரு பேராசிரியர் என்னை ஒயர்னுதான் கூப்பிடுவார். 'ஒயரு, இங்க வா.' இருபத்தாறு வருஷம் ஆச்சு, நாங்களும் ஏதோ கண்டுபிடிக்கறோம்னு அவங்களை நம்ப வைக்க. அந்தக் கோட்டை வச்சுத்தான் நம்ப வச்சேன்."

காஜா தரையைப் பார்த்தான்.

"புதுக்கோட்டைக் கணக்கை ஒதுக்கச் சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு. உறுத்தலைன்னு சொல்ல மாட்டேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. கட்டுரையைத் திரும்ப வாங்கிடறேன். உமையாள், உங்களுக்கு ஊசி போட்டுடலாம். இது உங்க தப்பு இல்ல. வேற முதல் மாணவரைத் தேடி முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

"எவ்வளவு நாள் ஆகும் மேடம்?"

பதில் காஜாவிடமிருந்து வந்தது. "மூணு வருஷம். குறைச்சலே இல்ல."

"அதே பாடத்தை, வேற பேச்சுத்துணையோட, நானே படிச்சா?"

காஜா தயங்கினான். "பன்னெண்டு வாரம். ஒன்பது தடவை அளவு உங்களுக்கு மட்டும்தானே இருக்கு. வித்தியாசம் பாடத்தாலயா பெலிக்ஸாலயான்னு உடனே தெரிஞ்சிடும். பேச்சுத்துணையை எப்படித் தயார் பண்ணணும்னும் தெரிஞ்சிடும். ஆனா அதுக்கு உங்களைத் துடைக்கணுமே."

மரகதவல்லி குறுக்கிட்டார். "நான் கேக்க மாட்டேன். அதைக் கேக்க எனக்கு உரிமை இல்ல."

உமையாள் பெலிக்ஸைப் பார்த்தாள். அவன் கைகளை மேசைமேல் வைத்திருந்தான். ஒன்றை அசைத்தால் போதும் என்று அவனுக்குத் தெரியும். அம்மாவிடமிருந்த நான்கில் கடைசிச் சைகை. வேண்டாம். அவன் கைகளை அசைக்கவில்லை. அசைக்காமல் இருப்பதற்கு உடம்பில் இருந்த பலம் முழுவதும் வேண்டியிருந்தது.

"அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப ஒரு வயசு" என்று அவள் வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சொன்னாள், அவனும் நேராகப் பார்க்கட்டும் என்று. "மூணு வருஷம் கழிச்சு நாலு வயசு. துடைச்சிடுங்க மேடம்."

துடைப்புக்கு முந்தைய காலையில் பாடம் கிடையாது. இருந்தும் அவள் அந்த அறைக்கு வந்தாள். அவனும் வந்திருந்தான்.

"தூங்கி எழுந்திருச்சதும் எனக்கு உன்னைப் பிடிக்காமப் போகாது" என்றாள். "பிடிச்சது தெரியாமப் போகும். அவ்வளவுதான்."

"தெரியும். ஒன்பதாவது தடவை."

"திமிரு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு கேக்கறேன். அதுக்கப்புறம் நீ என்னைத் தேடி வந்தா, எல்லாம் தெரிஞ்சவனா வருவ. உன்னால வேற மாதிரி வர முடியாது. நான் எதுக்குச் சிரிப்பேன், எங்க வாய் மூடுவேன்னு தெரிஞ்சு வருவ. அது எனக்கு வேண்டாம். என்னை ஒரு தடவையாவது யாராவது தெரியாம சந்திக்கணும்."



"எனக்கு வேணும்னு சொன்னா?"

"சொல்லாத. சொன்னா நான் நாளைக்குப் படுக்க மாட்டேன்."

அவன் சொல்லவில்லை. இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவேயில்லை. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, பெலிக்ஸுக்கு இதிலும் நிச்சயமில்லை. எழுந்து போகும்போது அவள் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். கைகளைப் பிடித்துக்கொண்டால் இருவராலும் எதுவும் சொல்ல முடியாது.

பத்தாவது முறை, மெர்சி என்ற பேச்சுத்துணையோடு, உமையாளுக்கு எண்பத்து மூன்று நாட்கள் ஆயின.

சில மாதங்கள் கழித்துக் காஜா ஒருநாள் கேட்டான். "மாப்ள, மருந்து உனக்கும் வேலை செய்யும்படியா ஏதாவது கண்டுபிடிச்சா, நீயும் படுத்துடுவியா? ரெண்டு பேரும் புதுசா ஆரம்பிக்கலாம்ல?"

பெலிக்ஸ் தட்டினான்: "அப்ப அவ சொன்னதையெல்லாம் யாரு வச்சிருக்கறது?"

காஜா வேறு பேச்சு எடுத்தான்.

வராந்தாவிலிருந்த கோட்டைக் கழற்றிவிட்டார்கள். மரகதவல்லி கட்டுரையைத் திரும்பப் பெற்றார், தலைவர் பதவியை விட்டார், துறை மூடப்படவில்லை. அதே துறையில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். காஜா முகைதீனின் பெயரில் இரண்டாவது கட்டுரை வந்தது. அதன்பிறகு சைகை மொழிப் பாடம் பேச்சுத்துணையை மையமாக வைத்து மாற்றி எழுதப்பட்டது. பல மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஒரு காது கேளாதவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறார். அந்த நான்காயிரம் குழந்தைகளில் பெரும்பாலானவர்களின் அப்பா அம்மாக்கள் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். சில வீடுகளில் காலம் தாழ்ந்துவிட்டது.

உமையாளுக்குப் பத்தாவது படிப்பை நிலைப்படுத்தி ஊசி போட்டார்கள். அவள் புதுக்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய ஒன்பதாவது அறிக்கை கோப்பில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், அவள் கேட்டதில்லை. பெலிக்ஸ் திருச்சியிலேயே இருக்கிறான், புதிய பேச்சுத்துணைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், திருமணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அவன் போனதில்லை.